கிளி படம் போட்ட தண்ணீர்

ஜனவரி 9

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே நீயும் உன் மரங்களும் மான்களும் நலமாகத்தான் இருப்பீர்கள்.

நம் கம்பெனி லாரி டிரைவர் போன மாதம் பெண்டாட்டி பிள்ளைகளோடு உன் தேசியப் பூங்காவுக்கு வந்து மூன்று நாள் முகாமில் தங்கினாராம். பூமிக்குப் பாரமில்லாமல் வாழ்வது எப்படி என்று நீ வகுப்பெடுத்ததை வந்து கதை கதையாகச் சொன்னார். ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு வாளித் தண்ணீர். கக்கூஸில் தண்ணீருக்குப் பதில் ஒரு கை மரத்தூள். கொண்டுவந்த குப்பையை அவரவரே கட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை.

ஆனால் கடைசி நாள் ஒரு கண்ணாடி ஜாடியைத் தூக்கிக் காட்டினாயாமே? செத்த மானின் வயிற்றிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் சுருணை என்று. அதில் பச்சைக் கிளி படம் பளிச்சென்று தெரிந்ததாம். முன் வரிசையில் இருந்த ஒரு அம்மாள், "அடடா, இது நம்ம குடிக்கிற கிளி வாட்டரு!" என்று கத்தினாளாம். டிரைவர் கம்பெனி சட்டையோடு உட்கார்ந்திருந்தவர், எழுந்து வெளியே போய் நின்றுகொண்டாராம். என்னிடம் சொன்னபோதும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உலகத்தில் எத்தனை தண்ணீர் கம்பெனி. அந்த மானுக்கு நம்முடையதுதான் ருசித்ததா? கிளி என்பது உன்னை அப்பா கூப்பிடுகிற பெயர், அதைத்தான் கம்பெனிக்கு வைத்தார் என்பதையும் அந்தக் கூட்டத்துக்குச் சொன்னாயா?

ஜாடியைத் தூக்கிப் போடு என்று சொல்லவில்லை. லேபிளைச் சுரண்டிவிட்டுக் காட்டு. உன் பாடம் ஒன்றும் குறைந்துவிடாது.

தம்பி


ஜனவரி 27

தம்பிக்கு,

நலம். இங்கே செல்போன் எடுக்காது என்பது உனக்குத் தெரியும். வாரம் ஒருமுறை ரேஷன் கொண்டுவரும் ஜீப்தான் கடிதத்தைக் கொண்டுவருகிறது, எடுத்துப் போகிறது. தாமதத்துக்கு அதுதான் காரணம்.

லேபிளைச் சுரண்ட மாட்டேன்.

இங்கே வருகிறவர்களை நீ பார்த்ததில்லை. வந்து இறங்கியதும் மின்விசிறி எங்கே என்பார்கள். இரண்டு வாளித் தண்ணீரைக் காட்டினால், "இது மூஞ்சி கழுவவா?" என்பார்கள். போன வாரம் ஒரு பெரிய மனிதர், "காசு குடுத்துக் கஷ்டப்படறதுக்கு இவ்ளோ தூரம் வரணுமா? எங்க வீட்டுக் காருக்கே ஆறு வாளி ஊத்துவோம்" என்றார். அவருக்கு நான் ஓடை எங்கே தொடங்குகிறது, கோடையில் எத்தனை விலங்குகள் அதை நம்பி வருகின்றன என்று இரண்டு நாள் தொண்டை வலிக்கச் சொன்னேன். கொட்டாவி விட்டார். மூன்றாம் நாள் ஜாடியைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. வெறும் பிளாஸ்டிக் என்றால் அது எவனோ போட்டது. கிளியைப் பார்த்தால் அது அவர் பையில் இருக்கிறது.

அந்த மான் சினையாக இருந்தது. டாக்டர் வயிற்றைத் திறந்தபோது நான்தான் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். உள்ளே புல் இல்லை. சுருணையை எடுத்து என் கையில் வைத்தார். அதை விரித்துப் பார்க்காமல் இருந்திருக்கலாம். விரித்துவிட்டேன்.

அப்பா எப்படி இருக்கிறார்? "எல்லோரும் நலம்" என்று மொத்தமாக எழுதிவிட்டாய். அவரைப் பற்றித் தனியாக எழுது.

அக்கா


பிப்ரவரி 20

வனராணிக்கு,

நலம். அப்பாவும் நலம். தனியாக எழுதிவிட்டேன், போதுமா?

மானுக்காக எனக்கும் வருத்தம்தான். ஆனால் நான் போய் அதற்கு ஊட்டிவிடவில்லை. நான் விற்றது தண்ணீர். குடித்துவிட்டு எறிந்தவன் எவனோ. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். நீயோ அம்பு அடித்துக் கொடுத்த கொல்லனைப் பிடித்துக் கட்டிவைத்து அடிக்கிறாய். அதுவும் ஊரைக் கூட்டி வைத்து.

உன்னைப்போல் எனக்குப் பேசத் தெரியாது, காரியம் செய்யத் தெரியும். உன் டைரக்டருக்கு எழுதினேன். பூங்கா முழுக்கக் குப்பைத்தொட்டி வைத்துத் தருகிறோம், எல்லாம் கம்பெனி செலவு என்றேன். மனிதர் மறுதபாலில் சந்தோஷமாகச் சரி சொல்லிவிட்டார். மூடி போட்ட, கனமான தொட்டிகள். ஒவ்வொன்றிலும் கிளி வாயைத் திறந்துகொண்டு "குப்பையை எனக்குக் கொடு" என்று கேட்கிறது. அடுத்த வாரம் லாரி வரும். இனிமேல் மூன்றாம் நாள் இந்தக் கிளியையும் காட்டு.

தம்பி


மார்ச் 14

சின்ன முதலாளிக்கு,

நலம்தான், நடந்ததைக் கேட்டால் நீயே ஆச்சரியப்படுவாய்.

தொட்டிகள் வந்தன. இந்தப் பூங்காவில் இத்தனை வருஷமாகக் குப்பைத்தொட்டியே கிடையாது. அது மறதியால் இல்லை. தொட்டி இருந்தால் போடுவான். கையில் சுமந்தால்தான் அடுத்த தடவை கொண்டுவர மாட்டான். நான் முதல் நாள் சொல்லித்தரும் முதல் பாடமே அதுதான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

உன் கிளி வாயைத் திறந்ததும் எல்லோருக்கும் கொண்டாட்டம். மீந்த சோறு, எலும்பு, பிஸ்கட் உறை, குழந்தையின் டயப்பர், எல்லாம் உள்ளே. மூன்றே நாளில் காட்டுப்பன்றிகள் மோப்பம் பிடித்துவிட்டன. உன் கனமான தொட்டியை மூக்கால் ஒரு நெம்பு, அவ்வளவுதான். ஒரு குட்டியின் கழுத்தில் மூடி மாட்டிக்கொண்டது. அது அலற, தாய்ப்பன்றி வெறிபிடித்து, காலை நடைக்கு வரிசையில் நின்றவர்கள் நடுவே பாய்ந்தது. ஒரு பெண் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அவளை ஸ்ட்ரெச்சரில் சுமந்து கேட் வரைக்கும் போன நாலு பேரில் நானும் ஒருத்தி. வழியெல்லாம் அவள் என்னைத்தான் திட்டினாள். டைரக்டர் அன்றைக்குப் பார்த்து லீவு.

கேட் தெருக் கடைகளுக்குச் சரக்கு இறக்க வந்த அதே லாரியில் தொட்டிகளை ஏற்றிவிட்டேன். அலம்பித்தான் அனுப்பியிருக்கிறேன். முடிந்த மட்டும்.

அப்பாவை ஒரு வரி எழுதச் சொல். நலம் என்று அவர் கையெழுத்தில் பார்க்க வேண்டும். அவர் எழுத்து எனக்கு வந்து நாளாகிறது.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

அந்த லாரி எப்போது வந்து நின்றது தெரியுமா? ஷிப்ட் மாறுகிற நேரத்தில். போகிறவர்கள், வருகிறவர்கள் எல்லோரும் வாசலில். டிரைவர் பின்கதவைத் திறந்ததும் ஒரு நாற்றம். மூக்கைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரும் சிரித்தார்கள். மூடி போடும் பகுதிப் பெண் ஒருத்தி, "என்ன முதலாளி, அக்கா வீட்லேர்ந்து சீர் வந்துருக்கா?" என்றாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்ய? பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மணிக்கட்டு முறிந்த பெண்ணுக்கு என்ன செய்ய வேண்டுமோ கம்பெனி செய்யும். முகவரி அனுப்பு. ஆனால் ஒன்று. தொட்டி தப்பென்றால் ஒரு கடிதம் போட்டிருக்கலாம். இரண்டு தாளில் முடிகிற விஷயத்தை ஒரு லாரி நிறைய அனுப்பினாய். எனக்குப் புத்தி சொல்ல இல்லை, என்னைப் பார்த்து ஊரைச் சிரிக்க வைக்க.

அப்பாவுக்கு எழுத நேரமில்லை. தவிரவும் கண் சரியாகத் தெரியவில்லை.

தம்பி


மே 2

தம்பிக்கு,

நலம். அந்தப் பெண்ணின் முகவரி தனித்தாளில் இருக்கிறது. நீ சொன்னதைச் செய்வாய் என்று நம்புகிறேன்.

ஒரு வரியில் அப்பாவுக்கு நேரமில்லை, அடுத்த வரியில் கண் தெரியவில்லை. கம்பெனிக்குப் போவதை நிறுத்தி உன்னிடம் கொடுத்தவருக்கு என்ன நேரமில்லை? இரண்டில் எது என்று முடிவு செய்துவிட்டு எழுது.

இன்னொரு விஷயம். யார் வாயாலோ கேட்டு நீ கொதிக்க வேண்டாம் என்று நானே எழுதுகிறேன். ஜூன் முதல் தேதியிலிருந்து பூங்கா கேட்டுக்கு உள்ளே பிளாஸ்டிக் பாட்டில் வராது. உன்னுடையது மட்டுமல்ல, யாருடையதும். கேட்டிலேயே வடிகட்டிய தண்ணீர்க் குழாய் போட்டாகிவிட்டது. சொந்தக் குடுவை கொண்டுவரலாம், இல்லாதவர்களுக்கு இங்கே இரவல் கிடைக்கும்.

கையெழுத்துப் போட்டது டைரக்டர். மனுவை எழுதியது நான். பன்றி பாய்ந்த மறுநாள் உட்கார்ந்து எழுதினேன்.

அக்கா


ஜூன் 11

நீ நலமாகத்தான் இருப்பாய். நினைத்ததைச் சாதித்துவிட்டாயே.

கேட் தெருவில் அத்தனை கடைக்காரர்களும் சரக்கைத் திருப்பிவிட்டார்கள். உள்ளே கொண்டுபோக முடியாத பாட்டிலை வெளியே எவன் வாங்குவான்? பாதி விற்பனை அந்தப் பாதையில்தான் என்பது உனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாய். ராத்திரி ஷிப்டை நிறுத்திவிட்டேன். மூடி போடும் பெண்களை வரிசையாக நிற்க வைத்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று என் வாயால் சொன்னேன். சீர் வந்திருக்கிறதா என்று கேட்டவளும் அதில் ஒருத்தி. அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. "உங்க அக்காவுக்கு எங்களவிட மான்தான் பெருசாய்யா?" என்று கேட்டாள். பதிலை எழுதி அனுப்பு. அவள் வீட்டுக்கே போய்ப் படித்துக் காட்டுகிறேன்.

கிளியை எடுத்துவிட்டேன். போன வாரத்திலிருந்து லேபிளில் அந்தப் படமும் இல்லை, பெயரும் இல்லை. வேறு பெயர், ஒரு மலைப் படம். இனிமேல் ஜாடியை எத்தனை உயரம் வேண்டுமானாலும் தூக்கிக் காட்டு. அதில் இருப்பது நீ மட்டும்தான்.

வீட்டுப் பக்கம் வராதே.


ஜூலை 3

தம்பிக்கு,

மலையாக இருந்தால் என்ன, கிளியாக இருந்தால் என்ன. மான் லேபிள் படிப்பதில்லை.

அந்தப் பெண்ணுக்கு என்னிடம் பதில் இல்லை. இல்லை என்று சொன்னேன் என்று அவளிடம் சொல். மழுப்பாமல் சொல்.

இப்போது நான் கேட்கிறேன். இந்த வாரம் வந்த கூட்டத்தில் ஒரு பெண் இருக்கிறாள். கை கால் விழுந்தவர்களுக்கு வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுப்பவள். ஜாடியைப் பார்த்தவள், வகுப்பு முடிந்து எல்லோரும் போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க. கிளி வாட்டர் பெரியவர் வீட்டுக்குத்தான் நான் வாரம் ரெண்டு தடவ போறேன். பாவம் அவரு. இந்த ஜாடியப் பத்தி அவருக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடுவாரு."

"அவருக்கு என்ன?" என்றேன்.

"பக்கவாதங்க. வலது பக்கம். வாய் கொஞ்சம் கோணிப்போச்சு. பேசினா உத்துக் கேக்கணும்."

"எப்போலேர்ந்து?"

"டிசம்பர்லேர்ந்து. நீங்க அவங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

நான் மரத்தூள் சாக்கை எடுத்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போய்விட்டேன்.

டிசம்பர். ஜனவரி ஒன்பதாம் தேதி "இங்கே எல்லோரும் நலம்" என்று எழுதினாய். பிப்ரவரியில் "அப்பாவும் நலம்." நேரமில்லை, கண் சரியில்லை. இத்தனை நாளாக ஒரு வரி எழுது என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தது எழுத முடியாத கையிடம்.

மாற்று ஆள் வராமல் இந்தக் கூட்டத்தைக் காட்டில் விட்டுவிட்டு வர முடியாது. இந்த ஜீப்பில் கடிதம் வருகிறது. அடுத்த ஜீப்பில் நான் வருகிறேன். வராதே என்றால் கதவைப் பூட்டிக்கொள். உன் மனைவி திறப்பாள்.

அக்கா


ஜூலை 22

அக்காவுக்கு,

வந்தாய், பார்த்தாய், போனாய். நான் மாடியில்தான் இருந்தேன். இறங்கி வந்தால் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாததால் வரவில்லை.

ஏன் மறைத்தாய் என்று என் மனைவியிடம் கேட்டுவிட்டுப் போனாயாம். என்னிடம் கேட்டிருக்கலாம். மருத்துவமனையில் அப்பாவுக்கு நினைவு வந்ததும் குழறிக் குழறிச் சொன்ன முதல் பேச்சே, "கிளிகிட்ட சொல்லாத. இந்த வாயோட அவ என்னப் பாக்க வேணாம்" என்பதுதான். நீ நம்ப மாட்டாய். நம்பு என்று கெஞ்சப் போவதும் இல்லை. அதற்கப்புறம் ஜாடி வந்தது, தொட்டி வந்தது, தடை வந்தது. சொல்லலாம் என்று நினைத்த நாள்களிலும் உன் கடிதம் வந்து அந்த எண்ணத்தைக் கெடுத்தது.

என்னை ஒரு கேள்வி கேட்க விடு. அப்பா விழுந்துவிட்டார் என்று தெரிந்த பிறகும் ஒரு வாரம் ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாளிக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தானே கிளம்பினாய்? நானாவது மறைத்தேன். நீ தெரிந்தே இருந்தாய்.

போகட்டும். கதவைச் சாத்திக்கொண்டு அவரிடம் என்ன பேசினாய்? நீ போன பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர், சாயங்காலம்வரை யாரிடமும் முகம் கொடுக்கவில்லை. கதவு இடுக்கில் எட்டிப் பார்த்த என் மனைவி, அப்பா உன் கையைப் பிடித்து ஏதோ சொன்னதைப் பார்த்திருக்கிறாள். காதில் விழவில்லை என்கிறாள். என்ன சொன்னார்? கம்பெனியைப் பற்றியா?

தம்பி


ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

நலமா?

எத்தனையோ ஜீப் வந்து போயிருக்கும். உன்னிடமிருந்து ஒரு கடிதம் இல்லை. திட்டவாவது எழுதுவாயே. அப்பாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். இதை மறைக்கவில்லை, எழுதிவிட்டேன்.

அவர் சொன்னது என்ன?

தம்பி


செப்டம்பர் 14

அக்காவுக்கு,

அப்பாவை மயானத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த அன்று நீயும் நானும் ஒரே காரின் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தோம். நீ அந்தப் பக்க ஜன்னலைப் பார்த்தாய், நான் இந்தப் பக்க ஜன்னலை. அதனால் எழுத வேண்டியிருக்கிறது.

பூங்கா ஆபீஸின் வயர்லெஸ்ஸுக்குச் சொல்லச் சொன்னது நான்தான். ரேஞ்சர் தன் வண்டியிலேயே உன்னை அழைத்துவந்துவிட்டார். மூச்சு இருக்கும்போதே வந்துவிட்டாய். அதற்கு நீ நன்றி சொல்ல வேண்டாம், நானும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் காய்ச்சல் வந்த பிறகு அவருக்குப் பேச்சே இல்லை. அதற்கு முன்பும், மருத்துவமனையில் சொன்ன அந்த ஒன்றைத் தவிர, என்னிடம் "தண்ணி", "விளக்க அணை", "போதும்", இவ்வளவுதான். உட்கார்ந்து, கையைப் பிடித்து, ஒரு விஷயமென்று சொன்னது உன்னிடம் மட்டும்தான். தினமும் துடைத்துவிட்டது நான், சோறு ஊட்டியது நான். சொன்னது உன்னிடம்.

மூன்றாவது தடவை கேட்கிறேன். இதற்கும் பதில் வராவிட்டால் உனக்குத் தம்பி ஒருவன் இருந்தான் என்பதை மறந்துவிடு.

தம்பி


அக்டோபர் 2

தம்பிக்கு,

நலம். நீ தூங்குவதில்லை என்று உன் மனைவி எழுதியிருந்தாள்.

நான் உள்ளே போனதும் அப்பா இடது கையால் போர்வையை இழுத்து வாயை மூடிக்கொண்டார். ஆகவே, அவர்தான் சொல்லாதே என்றார் என்று நீ எழுதியது உண்மை. நம்புகிறேன். அதற்காக ஆறு மாதப் பொய்யை நான் மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே.

கம்பெனியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டில், தடை, கிளி, எதைப் பற்றியும் இல்லை. பேசியதெல்லாம் நான்தான். எதைச் சொல்வது என்று தெரியாமல் பன்றிகள் உன் தொட்டிகளைக் கவிழ்த்த கதையைச் சொன்னேன். சிரித்தார். முகத்தில் ஒரு பக்கம்தான் சிரித்தது. போர்வை நழுவியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

நான் எழுந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த ஒரு கையில் அத்தனை பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மாடிப் பக்கம், நீ இருந்த பக்கம், கண்ணைக் காட்டினார்.

"அவன விட்டுடாத" என்றார்.

"என்னப்பா?" என்றேன்.

"அவன... விட்டுடாத."

அவ்வளவுதான். பிறகு கையை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் எழுதவில்லை என்று? உன்னைக் கைவிட்டுவிடாதே என்றாரா, சும்மா விட்டுவிடாதே என்றாரா? நல்ல வாயாக இருந்திருந்தால் குரலே சொல்லியிருக்கும். கோணின வாயில் எல்லாம் ஒரே குரல். கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று குனிந்தேன், அதற்குள் சுவர்தான் தெரிந்தது. காலையில் எழுந்தால் ஒன்று என்று தோன்றுகிறது. கேட்டில் எவனாவது பாட்டிலை இடுப்பில் செருகி ஒளித்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் மற்றது என்று தோன்றுகிறது. இத்தனை நாள் பார்த்தும் தீரவில்லை. இனித் தீரப்போவதும் இல்லை.

பூங்காவைச் சுற்றியிருக்கிற ஊர்களுக்கும் சேர்த்துப் பாட்டில் தடை வேண்டும் என்று ஒரு மனு எழுதி முடித்துவிட்டேன். உன் புதிய பாட்டிலும் அதில் அடக்கம். அதை நானே தலைமை ஆபீஸில் கொடுக்கப் போகிறேன். வருகிற ஜீப்பில் கிளம்புகிறேன். மனுவைக் கொடுத்துவிட்டு நேராக வீட்டுக்குத்தான் வருவேன், நாலு நாள் இருப்பேன். எனக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல். நீ மாடியிலிருந்து இறங்காவிட்டால் நான் ஏறி வருகிறேன்.

அக்கா